உறவு: அக்கா

அத்தியாயம் பதினொன்று

“தண்ணிய அளந்து ஊத்துறது நானு. காய வெட்டி ஊறப்போட்டு, அந்தத் தண்ணிய வடிச்சு, மறுபடி வேகவச்சுக் குடுக்கிறது நானு. பேரு மட்டும் உங்கக்கா பேரா?”

“மெல்லப் பேசு புள்ள. அடைக்கிறது கழுத்துக் குழாதான். காது நல்லாத்தான் கேக்குது.”

“கேக்கட்டும். தெருவுக்கே கேக்கட்டும்.”

தெருவுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு சங்கிலியம்மாள், தெளித்த வாசலையே மூன்றாவது முறையாகத் தெளித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வாளி ஊற்றியிருந்தால் அங்கே நாற்று நடலாம்.

கர்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷம் ஆகிறது என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் ஜெயமங்கலத்திலிருந்து பஸ் ஏறித் தேனிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், கழுத்தில் வைத்த குழாய் வழியாக நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிற மனுஷன். வாழைத் தோட்டக்காரர்; வாழைப்பழம் தின்னக் கூடாது. நோயாளியை வீடு தேடி வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சை நர்ஸ் ஜெபஷீலா வியாழன்தோறும் வருவாள். அரிப்புக்குக் களிம்பு, தூக்கத்துக்கு மாத்திரை, கூடவே நிறையப் பேச்சு. மகன் சுரேஷ்கண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். போனிலேயே குடும்பம் நடத்துகிறவன்.

போன வியாழன் நர்ஸ் வந்த நேரத்தில் கர்ணனின் மனைவி நாகஜோதி வீட்டில் இல்லை. ரேஷன் கடையில் பாமாயிலுக்கு நின்றுகொண்டிருந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் கர்ணனின் நீலக் கோப்பில் ஏதோ எழுதப்பட்டது என்பது வரை சென்ற வாரம் பார்த்தோம். என்ன எழுதப்பட்டது என்பதை இந்த வியாழன் காலையில், மாத்திரைச் சீட்டைத் தேடப்போன இடத்தில், நாகஜோதியே கண்டுபிடித்துவிட்டாள்.

'உங்களால் பேச முடியாத நிலையில் உங்களுக்காகப் பேச வேண்டியவர்' என்று அச்சடித்த ஒரு வரி. எதிரே பேனாவில்: மூக்கம்மாள். உறவு: அக்கா.

நாலு தடவை படித்தாள். ஏழாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை. நாலு தடவையும் அக்கா, அக்கா என்றே இருந்தது.

அந்த வரி எதற்காக என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது? பேர் எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பழக்கம். சுரேஷ்கண்ணனுக்குக் காது குத்தியபோது அடித்த பத்திரிகையில், தேவதானப்பட்டியிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவந்த தன் வீட்டு ஆண்களின் பேரைக் கீழே தள்ளி, மூக்கம்மாளின் புருஷன் பேரை மேலே போட்டார்கள் என்று மூன்று வருஷம் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அப்படிப்பட்டவளுக்கு இதுவும் ஒரு பத்திரிகை. அதிலும் ஆஸ்பத்திரி அச்சடித்த பத்திரிகை.

“எனக்காகப் பேச எங்கக்கா இருக்குன்னு ஊருக்குச் சொல்லிட்டீக. முப்பத்து நாலு வருஷம் ஒங்களுக்கு வாயா இருந்தது யாரு?”

“அத விட்ரு. அது வேற சங்கதி.”

“என்ன சங்கதி?”

கர்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து முழங்கையைச் சொறியத் தொடங்கினார். சண்டையில் தோற்கிற நேரத்தில் எல்லாம் அவருக்கு அரிப்பு கூடிவிடும்.

நாகஜோதிக்கும் நாத்தனார் மூக்கம்மாளுக்கும் உள்ள வழக்கு இன்று நேற்றையது இல்லை. தாலியில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது முறை. முறைக்காகப் போட்ட முடிச்சை, மூக்கம்மாள் முப்பத்து நாலு வருஷமாகக் கடனாகக் கொடுத்தது போலவே பேசிவந்தாள். ஆனாலும் அதெல்லாம் பழகிப்போன வலி. இந்த மூன்று வருஷத்து வலி புதுசு.

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நாகஜோதி அந்த வீட்டில் போலீஸ் ஆகிவிட்டாள். பாட்டிலில் கோடு போட்டு வைத்தாள். ஊறுகாயை ஒளித்தாள். இளநீர் வெட்டுகிறவனைத் தெருவுக்குள் விடாமல் துரத்தினாள். மூக்கம்மாளுக்கு அந்த வேலை ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையை வீசிக்கொண்டு வருவாள். கட்டில் ஓரத்தில் உட்காருவாள். யார் வீட்டில் யார் ஓடிப்போனார்கள் என்று சொல்லுவாள். கர்ணன் சிரிப்பார். வயிறு குலுங்கச் சிரிப்பார். அடுப்படியில் நின்று உப்பில்லாத சோற்றை வடித்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் மிளகாய்ப்பொடி. அவளிடம் அவர் அப்படிச் சிரித்து மூன்று வருஷம் ஆகிறது. அளந்து ஊற்றுகிறவளிடம் யார் சிரிப்பார்கள்?

இந்த ஒரு வாரமாக ஐந்து மணிக்கு மூக்கம்மாள் வரவில்லை. நாகஜோதி அதற்காகச் சந்தோஷப்பட்டாள், ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள் பால் பாயசம் வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். பால் கணக்கு இடித்ததால் விட்டுவிட்டாள்.

கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். சங்கிலியம்மாள் வாளியோடு, எங்கே ஆத்தா காலையிலயே என்றாள். மதினி வீட்டுக்கு என்று நாகஜோதி சொன்ன தினுசில், சங்கிலியம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். பின்னாலேயே போனாளா, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போனாளா என்பதில் தெருவுக்குள் இரண்டு கருத்து உண்டு.

மூக்கம்மாள் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பவள். புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒரே மகள் மகாலட்சுமியை லோயர் கேம்ப்பில் மின்சார வாரியக்காரனுக்குக் கொடுத்திருக்கிறாள். நாகஜோதி போனபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு சாக்குப் புளி. சுத்தியலுக்குக் கீழே ஒரே ஒரு பழம். அதையே தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டை, ஓடு, நார் எல்லாம் கலந்து துவையலாகிவிட்டிருந்தது.

“மதினி, இது என்ன?” என்று கோப்பை விரித்துக் காட்டினாள் நாகஜோதி.

“எனக்கு வாசிக்கவா தெரியும்? என்ன எழுதிருக்குன்னு மட்டும் தெரியும்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“கேட்டது எந் தம்பி. சொன்னா அவன் சொல்லணும்.”

நாகஜோதி தன் வழக்கை எடுத்துவைத்தாள். மூன்று வருஷத்தில் எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி, எந்த பஸ்ஸில் சீட்டு கிடைக்காமல் நின்றுகொண்டே போனது, இடது கையில் ஊசி குத்தும் நரம்பு அடைத்துப்போனபோது யார் கூட இருந்தது, வலது கையும் அடைத்துக் கழுத்தில் குழாய் வைத்தபோது யார் வெளியே நின்றது, ஒன்று விடாமல் சொன்னாள். மூக்கம்மாள் குறுக்கே பேசவில்லை. அதுவே வழக்கத்துக்கு மாறானது. கடைசியில்தான் பழைய மூக்கம்மாள் தலையைத் தூக்கினாள்.

“மூணாவது முடிச்சு போட்டவளுக்கு ஒரு பாத்தியதை இருக்குன்னு நெனச்சிருப்பான்.”

“முடிச்சு நீங்க போட்டீக. கட்டிக்கிட்டு இருக்கது நானு.”

மூக்கம்மாள் சுத்தியலை வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். அப்புறம் அவள் சொன்னதுதான் நாகஜோதியைத் தூக்கிவாரிப் போட்டது.

“அந்த எடம் ஒனக்கு வேணுமா? எடுத்துக்க. நர்சு வரட்டும், அவ முன்னாலயே குடுத்துர்றேன்.”

சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை கிடைக்காமல் போவது போன்ற அவமானம் வேறு இல்லை. நாகஜோதி வாசற்படி இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“ஆனா நீ தாங்க மாட்ட, ஜோதி.”

வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை செருப்புக்குள் விழுந்த கல்லாக உறுத்தியது. தாங்க மாட்டேனா. இவள் தாங்குவாளாம், நான் தாங்க மாட்டேனாம்.

மதியம் இரண்டரைக்கு நர்ஸ் வண்டி வரும். அதற்குள் நாகஜோதி தலை சீவி, மகன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். தட்டில் முறுக்கு எடுத்து வைத்தாள். பெண் பார்க்க வருகிறார்களா என்று கர்ணன் கேட்டார். அவள் காதில் வாங்கவில்லை.

ஜெபஷீலா பெரியகுளத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். ஒரு பையில் மருந்து, ஒரு பையில் கட்டுத்துணி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். செருப்பை வாசலில் விட்டு வந்து, முதலில் கர்ணனின் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. குழாய் வைத்த இடத்தைப் பார்த்தாள். போன மூன்று தடவையும் மிஷினில் ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வருவதாக ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததை வாசித்தாள். தூங்கினீர்களா என்று கேட்டாள். அவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்பதும், அன்று விடியற்காலையில் கண்ணயர்ந்தபோது தன் அப்பாவோடு வராக நதியில் குளிப்பதாகக் கனவு கண்டார் என்பதும் அப்போதுதான் நாகஜோதிக்குத் தெரியும். கனவுகூட நர்ஸுக்குத்தான் முதல். அதையும் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

மூக்கம்மாள் சொன்னபடி வந்திருந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

பேர் மாற வேண்டும் என்ற கோரிக்கையை நாகஜோதி முறைப்படி வைத்தாள். நர்ஸ் கர்ணனைப் பார்த்தாள். கர்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

“அம்மா, இந்த எடத்துல இருக்கவங்க என்ன செய்யணும்னு அப்பா சொல்லிருக்காரா?”

டாக்டர் கேட்டால் பதில் சொல்லணும், கையெழுத்துப் போடணும், அவ்வளவுதானே என்றாள் நாகஜோதி. தான் ஏழாவது வரை படித்ததையும், மூக்கம்மாள் கைநாட்டு என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஜெபஷீலா பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இது கோர்ட்டுப் பத்திரம் இல்லை. அவர் மனசு என்ன என்பது டாக்டருக்கும் வீட்டுக்கும் தெரிந்திருப்பதற்காக எழுதி வைப்பது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விளக்கினாள். பிறகு, நீங்களே சொல்லிவிடுங்கள் அப்பா என்றாள்.

கர்ணன் எழுந்து உட்கார்ந்தார். தலையணையை முதுகுக்குக் கொடுக்க இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். நாகஜோதியின் கை முந்தியது.

“ரெண்டு கையும் அடைச்சாச்சு. இப்பக் கழுத்தும் அடைக்குது. அடுத்தது தொடைன்னு டாக்டர் சொல்லிட்டாக. எனக்கு அது வேண்டாம். இது ஓடுற வரைக்கும் போறேன். இது நின்னா மிஷினும் நின்னுரணும். என்னைய இந்தக் கட்டில்லயே வச்சிருங்க. தூக்கிட்டு ஓடாதீக.”



உண்மையைச் சொன்னால் நாகஜோதியைக் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு முதலில் தோன்றியது சாவு இல்லை. இது இவளுக்கு ஒரு வாரமாகத் தெரியும் என்பதுதான். தன் புருஷன் சாகப்போகிற வழியை, அவளுக்கு ஏழு நாள் முன்னால், நிலைப்படியில் சாய்ந்து நிற்கிற இந்தப் பொம்பளையிடம் சொல்லியிருக்கிறார். ஏழு நாளும் தான் அவருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். சாவு அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, கூட்டத்தில் இடம் தேடி வருகிற ஆளைப் போல வந்து சேர்ந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கர்ணனைக் கேட்டாள்.

“ஒம் பேரப் போட்டா, நீ தொடையில என்ன, உச்சந்தலையிலயே குழாப் போடுங்கன்னு டாக்டர் கால்ல விழுவ.”

“ஆமா. விழுவேன்.”

“அதுக்குத்தான்.”

நர்ஸ் சிரிக்கவில்லை. மூக்கம்மாளும் சிரிக்கவில்லை. கர்ணன் மட்டும் லேசாகச் சிரித்தார்.

மிஷினை நிறுத்தினால் எத்தனை நாள் என்று நாகஜோதி கேட்டாள். ஜெபஷீலா சுற்றி வளைக்கவில்லை. ஒரு வாரம், பத்து நாள். சிலருக்குக் கூடக் குறைய இருக்கும் என்றாள். மூச்சு முட்டினால் மருந்து உண்டு, வலித்தால் மருந்து உண்டு, தான் வியாழனுக்குக் காத்திருக்காமல் வருவேன், கூப்பிட்டால் எடுப்பேன் என்றாள். மிஷினைத்தான் விடுகிறோம், அப்பாவை விடவில்லை என்றாள். தொடையில் வைத்தாலும் இதயம் இருக்கிற இருப்பில் அது எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர்களுக்கே நிச்சயமில்லை என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு தன் வழக்கத்தைச் சொன்னாள். பேர் எழுதுவது சுலபம். நேரம் வரும்போது வாய் திறக்காது. அப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டாள். அதனால் அந்த இடத்தில் பேர் எழுதுவதற்கு முன்னால், அவர் சொன்னதை அந்த ஆள் அவர் முன்னாலேயே தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும்.

“முடியலைன்னா தப்பே இல்லம்மா. இருக்க பேரே இருக்கட்டும்.”

இருக்கிற பேர். நாகஜோதி நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

“மதினி சொன்னாகளா?”

“சொன்னாங்க.”

“ஒரே தடவையில?”

நர்ஸ் பதில் சொல்லாமல் கோப்பைப் புரட்டினாள். மூக்கம்மாள்தான் சொன்னாள்: “கேட்டது எந் தம்பி. இதுக்கு எத்தன தடவ?”

அந்த இடத்தில் வேறு எந்த மனைவியாக இருந்தாலும் எழுந்து அடுப்படிக்குப் போய் வாயில் துணியை வைத்து அழுதிருப்பாள். பேரும் வேண்டாம் ஊரும் வேண்டாம் என்றிருப்பாள். நாகஜோதியும் எழத்தான் பார்த்தாள். முழங்காலில் கை ஊன்றியும்விட்டாள். ஒரே தடவையில் சொன்னாளாமே என்பது அவளைப் பிடித்து உட்கார வைத்தது. அன்பு செய்ய முடியாத வேலையைச் சில நேரம் பொறாமை செய்துவிடும். நம் தெருவில் இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது.

“எழுதுங்க. சொல்றேன்.”

தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவர் இஷ்டம் போலச் செய்யலாம் என்றாள். அது போதாதும்மா என்றாள் நர்ஸ். பெரிசாக எதுவும் செய்ய வேண்டாம் என்றாள். எது பெரிசு என்று டாக்டர் கேட்பாரே என்றாள் நர்ஸ். நாகஜோதி சேலை முந்தியின் நூலை இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கர்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இத்தனை நேரம் பார்த்ததில்லை.

“கழுத்துல இருக்கது நின்னா…” என்று தொடங்கி நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். “கழுத்துல இருக்கது நின்னா, தொடையில போட வேண்டாம்னு நான் சொல்லணும். மிஷினுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது. யாரு வந்து தூக்கச் சொன்னாலும் நான் விடக் கூடாது. அவுக இந்தக் கட்டில்லதான் இருப்பாக. நான் பக்கத்துல இருக்கணும்.”

கடைசி வரியைக் கர்ணன் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. நர்ஸ் அதையும் சேர்த்தே எழுதினாள்.

மூக்கம்மாள் பேரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் மூக்கம்மாளின் பெருவிரல். அதற்குக் கீழே: நாகஜோதி. உறவு: மனைவி. நாகஜோதி கையெழுத்துப் போட்டாள். 'தி' மட்டும் கோணிக்கொண்டது.

“ஒரு வாய் தண்ணி குடு புள்ள,” என்றார் கர்ணன்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும் இன்னும் ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. இரண்டு மடக்கு ஊற்றிக் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். கிடையாது என்றாள். பேர் மாறலாம், அளவு மாறாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மூக்கம்மாள் விரல் மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். காப்பி இருக்கா என்று அவளே கேட்டாள். கொடுத்ததைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். தட்டில் இருந்த முறுக்கை ஒவ்வொன்றாக ஒடித்துத் தின்றாள். ஒரு வாரமாக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது தின்ற வேகத்திலேயே தெரிந்தது. மேலத்தெரு கருத்தக்கண்ணன் மருமகளோடு கோபித்துக்கொண்டு மோட்டார் ரூமில் போய்ப் படுத்துக்கொண்ட கதையைச் சொன்னாள். கர்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள்.

நாகஜோதி காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றாள். ஜெயித்தவள் அவள். பேர் அவளுடையது. ஆனால் மூக்கம்மாள் முறுக்கு தின்கிற அழகைப் பார்க்கப் பார்க்க, அவள் வயிற்றில் பழைய மிளகாய்ப்பொடியே எரிந்தது. அதுவரை மூக்கம்மாளிடம் இருந்ததற்காகப் பொறாமைப்பட்டவள், இப்போது அவளிடம் இல்லாததற்காகப் பொறாமைப்பட்டாள். ஒன்றும் சொல்ல வேண்டியிராத, ஒன்றும் தடுக்க வேண்டியிராத, வெறும் அக்காவாக உட்கார்ந்து முறுக்கு தின்கிற அந்தச் சுகத்துக்காக.

நீ தாங்க மாட்ட என்று மூக்கம்மாள் இன்னொரு தடவை சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளி. நாலு மணி நேரம் ஓட வேண்டிய மிஷினை இரண்டரை மணியில் நிறுத்திவிட்டார்கள். ஓட்டம் இல்லை, செவ்வாய்க்கிழமை வாருங்கள், மருந்து விட்டுப் பார்க்கலாம் என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கர்ணன் அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். அவள் தோளை அசைக்காமல் ஜெயமங்கலம் வரை வந்தாள். சனிக்கிழமை சுரேஷ்கண்ணன் போன் பண்ணினான். மிஷின் பாதியில் நின்றதை மட்டும் சொன்னாள். கோப்பில் எழுதியதைச் சொல்ல மூன்று தடவை வாய் எடுத்தாள். மூன்று தடவையும் அங்கே மழையா என்று கேட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கம்மாள் வீட்டைப் பூட்டினாள். புளிச் சாக்கு, துணி மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி. லோயர் கேம்ப்பில் மகளோடு இருக்கப் போகிறாளாம். மகாலட்சுமிக்கு உடம்பு சரியில்லை, நடக்கவே முடியவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நடக்கவே முடியாத மகாலட்சுமி அன்று காலையில்தான் குமுளியில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு நிற்கிற படத்தைப் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். சங்கிலியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் இருக்க அவள் என்ன சாமியாரா?

மூக்கம்மாள் தம்பியிடம் முதல் நாளே சொல்லிக்கொண்டுவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் நாகஜோதி. முப்பத்து நாலு வருஷமாக இந்தப் பொம்பளை ஊரைவிட்டுப் போக மாட்டாளா என்று கோயில் கோயிலாக வேண்டியவள். வேண்டுதல் பலித்த அன்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“இந்த நேரத்துல விட்டுட்டுப் போறீகளே மதினி.”

மூக்கம்மாள் பஸ் வருகிற திசையையே பார்த்தாள்.

“நான் இங்கன இருந்தா சுரேஷு மொதல்ல எங்கிட்டத்தான் வருவான். அத்த, நீ சொல்லு, அப்பாவக் கூட்டிட்டுப் போவோம்னு நிப்பான். எம் மருமகன் அழுதா நான் எளகிருவேன், ஜோதி. சரின்னுருவேன். அன்னைக்கி எத்தன தடவைன்னு நீ கேட்டப்ப நர்சு வாயத் தொறக்கலேல்ல, அவளா மறைக்கல. நான் மறைக்கச் சொன்னேன்.”

“எத்தன தடவ ஆச்சு?”

“முக்கா மணி நேரம் ஆச்சு.”

தேனி பஸ் வந்து நின்றது. முன்படியில் மூக்கம்மாள் ஏறினாள். பின்படியில் சுரேஷ்கண்ணன் இறங்கினான். போனை வைத்ததும் திருப்பூரிலிருந்து மதுரைக்குப் போய், இரவெல்லாம் தூங்காமல், தேவதானப்பட்டியில் பஸ் மாறி வந்த கண் சிவப்பு. கையில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியின் பேர் போட்ட கவர். அத்தை ஏறியதை அவன் பார்க்கவில்லை. அத்தை பார்த்தாள், ஜன்னல் ஓரச் சீட்டில் உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு மூக்கம்மாள் ஜெயமங்கலத்தில் குடியிருக்கத் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் இப்போது ஒரு கோழித் தீவன ஏஜென்ட் வாடகைக்கு இருக்கிறான்.

சுரேஷ்கண்ணன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டே பேசினான். மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டானாம். தொடையில் குழாய் வைக்க நாளைக்கே கட்டில் ஒதுக்கித் தருகிறார்களாம். மத்தியானம் வண்டி வரும், அப்பாவை அப்படியே ஏற்றிவிடலாம் என்றான். அம்மாவின் நடை பின்தங்கியதைப் பார்த்து, தெருமுனையில் நின்றான்.

“என்னம்மா, அப்பா ஒத்துக்கிட மாட்டாகளா? அத்தைய விட்டுச் சொல்லச் சொல்லுவமா? யார்ட்டக் கேக்கணும்?”

அவன் கையிலிருந்த கவரை நாகஜோதி வாங்கிக்கொண்டாள்.

“எங்கிட்டத்தான் கேக்கணும்,” என்றாள்.